கட்டில் மட்டத்துத் தோட்டம்: தன்னார்வலர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோத்தகிரிக்குப் பக்கத்தில், குன்னூர் சாலையை ஒட்டிய ஒரு சரிவில் இருக்கிறது எங்கள் ஹாஸ்பிஸ் இல்லம். 12 கட்டில்கள், நீளமான ஒரு வராந்தா, சுற்றிலும் முக்கால் ஏக்கர் தோட்டம். தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது முழுக்கத் தன்னார்வலர்கள்தான். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்கிறார்கள். ஒன்பது வருடமாக இங்கே மண்ணில் கை வைத்திருப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

ஹாஸ்பிஸ் என்றால் மருத்துவமனையா, முதியோர் இல்லமா?

இரண்டும் இல்லை. நோயைக் குணமாக்கும் சிகிச்சை இனிமேல் பலன் தராது என்ற நிலைக்கு வந்தவர்கள் இங்கே வருகிறார்கள். வலி, மூச்சுத்திணறல், வாந்தி, புண், பயம் இவற்றைத் தணித்து, இருக்கிற நாட்களை அவர்கள் நல்லபடியாக வாழ உதவுகிறோம். புற்றுநோய்க்காரர்கள் அதிகம். சிறுநீரகமோ நரம்போ கெட்டு நோய் முற்றியவர்களும் உண்டு. எல்லோரும் வயதானவர்கள் என்று நினைத்து வராதீர்கள். முப்பது வயதுக்காரரும் இருந்திருக்கிறார்.

இன்றைய ஹாஸ்பிஸ்களுக்கெல்லாம் முன்னோடி, சிசிலி சாண்டர்ஸ் 1967ல் லண்டனில் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லம். அவர் முதலில் நர்ஸ், பிறகு சமூகப் பணியாளர், அதற்கப்புறம்தான் மருத்துவம் படித்தார். வலி உடம்போடு நிற்பதில்லை, மனசிலும் குடும்பத்திலும் இருக்கிறது என்பதை அழுத்திச் சொன்னவர். இந்தியாவில் 1986ல் மும்பையில் சாந்தி அவேத்னா சதன் வந்தது. 1993ல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி, ஊர்க்காரர்களே தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போய்ப் பார்க்க முடியும் என்று காட்டியது. தமிழ்நாட்டில் 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும், வீட்டுக்கே வந்து தரும் நோய்த் தணிப்புச் சிகிச்சை இருக்கிறது. வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் போகும்போதுதான் எங்களிடம் வருகிறார்கள்.

இப்படி ஒரு இடத்துக்குத் தோட்டம் எதற்கு?

நான் சேர்ந்த புதிதில் எங்கள் பெருமையே முன்பக்கத்து சைப்ரஸ் வேலிதான். ஐந்தடி உயரம், நூல் பிடித்தது போல நேர்க்கோடு. பார்க்கிறவர்கள் எல்லோரும் பாராட்டுவார்கள். மூன்றாவது கட்டிலில் பேருந்து கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா இருந்தார். ஒருநாள் சிஸ்டரிடம், "அந்தப் பச்சைச் சுவத்தைக் கொஞ்சம் இறக்க முடியுமாம்மா?" என்று கேட்டிருக்கிறார். நான் போய் அவர் தலையணைப் பக்கம் குனிந்து, அவர் பார்க்கிற உயரத்திலிருந்து பார்த்தேன். வேலி தெரிந்தது. அதற்கு மேல் கொஞ்சம் வானம். வேறு ஒன்றுமே இல்லை.

தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் சாய்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து மூன்றடியில்தான் இருக்கும். நாங்கள் அத்தனை காலமும் நின்றுகொண்டிருப்பவர்களுக்காகத் தோட்டம் போட்டிருந்தோம்.

சைப்ரஸைப் பச்சை இல்லாத பழைய கட்டை வரைக்கும் வெட்டினால் மறுபடி துளிர்க்காது. பயந்து பயந்து மூன்று தவணையாக இரண்டரை அடிக்கு இறக்கினோம். பல மாதம் வேலியின் மண்டை பழுப்பாக, மொட்டையாக, பார்க்கவே சகிக்காமல் கிடந்தது. ஆனால் அந்த ஐயாவுக்குப் பள்ளத்தாக்கு தெரிந்தது, வளைவில் திரும்பும் பேருந்து தெரிந்தது. "மேட்டுப்பாளையம் வண்டி இன்னிக்கு லேட்டு" என்று அவர் சொல்லச் சொல்ல, வார்டில் மற்றவர்களும் பேருந்துக்குக் காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

செடிக்கு நல்லது, கட்டிலில் இருப்பவருக்கு நல்லது, இரண்டும் மோதினால் நாங்கள் கட்டில் பக்கம்தான்.

எனக்குத் தோட்ட வேலை தெரியாது. வரலாமா?

தாராளமாக. களை எடுக்க, செடியடி மண்ணை இலை தழையால் மூடி மூடாக்கு போட, பூவாளியில் தண்ணீர் ஊற்ற ஒரே காலையில் பழகிவிடலாம். கவாத்து, அதாவது கிளை நறுக்குவது மட்டும் பழகினவர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்ட பிறகுதான். ஜூன் மாதத்தில் ஹைட்ரேஞ்சியாவை ஆசையாக வெட்டிவிட்டால் அந்த வருடப் பூ போயிற்று.

முதல் நாள் உங்களுக்கு எந்த வேலையும் தரமாட்டோம். வராந்தாவில் காலியாக ஒரு கட்டில் இருக்கிறது. அதில் கால்மணி நேரம் சாய்ந்து தோட்டத்தைப் பார்த்துவிட்டு, என்ன தெரிந்தது, எது மறைத்தது என்று சொல்ல வேண்டும். புதியவர்கள் சொன்னதை வைத்து இரண்டு பாத்திகளை இடம் மாற்றியிருக்கிறோம்.

எந்த நாள், எத்தனை மணிக்கு?

செவ்வாய், சனி. காலை 9.30 முதல் 12 மணி வரை. அதற்கு முன்னால் குளிப்பாட்டுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது எல்லாம் நடக்கும். ஜன்னலுக்கு வெளியே ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. மதியம் தூங்கும் நேரம். புல் வெட்டும் மெஷின் சனிக்கிழமை மட்டும், அதுவும் சிஸ்டர் சரி என்று சொன்ன பிறகு. அன்று யாருக்காவது நிலைமை மோசமாக இருந்தால் புல் வளர்ந்துவிட்டுப் போகட்டும்.

மாதத்துக்கு இரண்டு தடவை என்றாலும் தவறாமல் வருகிறவர்தான் எங்களுக்கு வேண்டும். "சனிக்கிழமை வர்ற அக்கா" என்று உங்களை எதிர்பார்த்துக்கொண்டு ஒருவர் இருப்பார். வர முடியாவிட்டால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

உடல்நலம் சம்பந்தமாக என்ன விதிகள்?

இதில் மட்டும் கறாராக இருப்போம். சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் வர வேண்டாம், லேசாக இருந்தாலும் சரி. டெட்டனஸ் ஊசி காலாவதியாகாமல் இருக்க வேண்டும். ரோஜா முள்ளும் துருப்பிடித்த கம்பியும் இங்கே நிறைய. மண்புழு உரம், தொழு உரம், மக்கிய இலை இவற்றைக் கிளறும்போது மாஸ்க் போடுங்கள். அதிலிருந்து கிளம்பும் பூஞ்சைத் தூசி நமக்கு ஒன்றும் செய்யாமல் போகலாம். கீமோவால் வெள்ளை அணு குறைந்தவருக்கு நுரையீரலில் தொற்றாகிவிடும். அதனால் தோட்டத்துச் செருப்பு வராந்தாப் படி ஏறக் கூடாது. உள்ளே போகுமுன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

பூப்பறித்து அறையில் வைக்கலாமா?

சிஸ்டரிடம் கேட்காமல் வேண்டாம். பூ ஜாடித் தண்ணீரில் கிருமி சீக்கிரம் பெருகும். தொட்டி மண்ணில் பூஞ்சை இருக்கும். நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் இருக்கும் அறைக்குள் இரண்டுமே கூடாது. அதற்குப் பதிலாக, ஜன்னலுக்கு வெளிப்பக்கம் தகரத் தட்டு அடித்து அதில் ஜெரேனியம் தொட்டிகளை வைத்திருக்கிறோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் பூ பூதான்.

வாசனை இன்னொரு விஷயம். நோயிலும் மருந்திலும் குமட்டிக்கொண்டே இருப்பவருக்கு நமக்குப் பிடித்த மணமே வாந்தியைக் கொண்டுவரும். சத்தியமங்கலத்து மல்லிகையை ஆசையாக வாங்கி வந்து, வாசலிலேயே சாமி படத்துக்குப் போட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. எதிர்மாறாகவும் நடக்கும். ஒரு பாட்டி மரிக்கொழுந்து மட்டும் கேட்பார். ஒரே ஒரு கொத்து. அதைத் தலையணை உறைக்குள் செருகி வைத்துக்கொள்வார். கேட்டுவிட்டுக் கொடுங்கள், அவ்வளவுதான்.

என்னென்ன செடிகள் இருக்கின்றன? நான் ஒன்று கொண்டு வரலாமா?

ஹைட்ரேஞ்சியா, ஜெரேனியம், ஃபுக்ஷியா, டேலியா, செண்டுமல்லி, பேன்சி, ரோஜா. ஓரமாக ஒரு கீரைப் பாத்தி. இந்த மலையில் மண் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை உள்ளது. அதனால்தான் எங்கள் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கிறது. ஒரு மூலையில் மட்டும் சுண்ணாம்பு கலந்து இளஞ்சிவப்புக்குக் கொண்டுவந்திருக்கிறோம். ஒரே செடி எப்படி இரண்டு நிறம் என்று வார்டில் அதைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும்.

அரளி, ஊமத்தை, வேலியோரத்தில் மணி மணியாகத் தொங்கும் பெரிய எக்காளப் பூ, ஃபாக்ஸ்குளோவ் இவை வேண்டாம். எல்லாம் விஷச் செடிகள். நோயின் கடைசிக் கட்டத்தில் சிலருக்குக் குழப்பம் வரும், எதையாவது பறித்து வாயில் போட்டுவிடலாம். பார்க்க வரும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். உண்ணிச்செடி அழகாகப் பூக்கிறதே என்று கொண்டு வராதீர்கள். பின்பக்கச் சரிவிலிருந்து அதைப் பிடுங்கவே எங்களுக்கு மூன்று வருடம் ஆயிற்று.

நீலகிரியில் பிளாஸ்டிக் தடை கடுமையாக இருப்பது உங்களுக்குத் தெரியும். நாற்றைத் தேங்காய் மட்டையிலோ தகர டப்பாவிலோ கொண்டு வந்தால் நல்லது.

பூச்சிமருந்து அடிக்கிறீர்களா?

இல்லை. மூச்சுத்திணறல் உள்ளவர்கள் ஜன்னல் பக்கம் இருக்கும்போது வேப்பெண்ணெய் நாற்றம்கூட அதிகம். அசுவினியைச் சோப்புத் தண்ணீரில் துடைக்கிறோம், நத்தையைக் கையால் பொறுக்குகிறோம். மீறிப் போனால் அந்தச் செடியையே எடுத்துவிடுவோம்.

நோயாளிகளிடம் பேசலாமா? என்ன பேசுவது?

நிறையப் பேர் இதைத் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். பேசலாம். அவர் கூப்பிட்டால், அல்லது கண்ணைப் பார்த்துச் சிரித்தால். "என்ன நோய்?" என்று கேட்காதீர்கள். "சீக்கிரம் சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள். சரியாகாது என்று அவருக்குத் தெரியும், அப்படிச் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் உங்களிடம் எதுவும் மனசுவிட்டுப் பேச முடியாது. உங்களுக்குத் தெரிந்த நாட்டுவைத்தியம், எந்த ஊர்ச் சாமியார், எந்த இலைச் சாறு, எதுவும் வேண்டாம். அம்மா, ஐயா, பாட்டி, அண்ணா, எப்படிக் கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்கும் என்று சிஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்ணைப் பற்றிப் பேசுங்கள். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு நம்மைவிட அதிகம் தெரியும். சுற்றியுள்ள ஹட்டிகளிலிருந்து, அதாவது படுகர் கிராமங்களிலிருந்து வரும் பெரியவர்கள் உருளைக்கிழங்கும் காரட்டும் போட்டு வளர்ந்தவர்கள். 1964ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்து, தேயிலைத் தோட்டத்திலேயே ஆயுளைக் கழித்தவர்கள் இருக்கிறார்கள். நாற்று ஏன் வாடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். "தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டேம்மா" என்று கட்டிலிலிருந்தே பதில் வரும். அன்றைக்கு அவர் நோயாளியாக இல்லாமல் சொல்லிக்கொடுக்கிறவராக இருப்பார்.

பேசாமல் இருந்தாலும் சரி. அவர் பார்த்துக்கொண்டிருக்க நீங்கள் களை எடுத்துக்கொண்டிருப்பதும் துணைதான்.

நோயாளிகளே தோட்ட வேலை செய்யலாமா?

முடிந்தவர்கள் செய்கிறார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி கை எட்டும்படி, செங்கல் கட்டி இரண்டரை அடி உயரத்தில் இரண்டு மேடைப் பாத்திகள் இருக்கின்றன. பாதை நாலடி அகலம். சாய்தளத்தில் ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம். மலைச்சரிவில் அந்தக் கணக்கைக் கொண்டுவரத்தான் நன்கொடைப் பணத்தில் பெரும்பகுதி செலவாயிற்று. அது வீண் இல்லை என்று எனக்குத் தெரிந்த காலை ஒன்று உண்டு.

நாற்பது வருடம் கொழுந்து பறித்த ஒரு அம்மா. கையில் ஊசி ஏற்றும் குழாய் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தது. காய்ந்த பூவைக் கிள்ளிப் போடுகிறீர்களா என்று பெட்டூனியா பாத்தி பக்கம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சட் சட்டென்று கிள்ளினார். கிள்ளினதை எல்லாம் உள்ளங்கையிலேயே சேர்த்துக்கொண்டே போனார். உள்ளங்கை நிறைந்ததும் கை தானாகத் தோளுக்கு மேல் போய்ப் பின்னால் வீசியது. கூடை இருக்கும் இடம் அது. பூவெல்லாம் நாற்காலிக்குப் பின்னால் தரையில் விழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, அடுத்த கொத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எங்களில் ஒருவர், சின்ன மூங்கில் கூடை ஒன்றை நாற்காலி முதுகில் கட்டிவிட்டார். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் கையைப் பின்னால் விட்டு அதைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவருக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அந்தக் கூடை இப்போதும் நாற்காலியில்தான் இருக்கிறது.

காட்டுமாடு வருமாமே?

வரும். காட்டுமாடு, குரங்கு, முள்ளம்பன்றி, எப்போதாவது கரடி. காட்டுமாடு நின்றால் விரட்டவோ, கத்தவோ, போட்டோ எடுக்கவோ வேண்டாம். மெதுவாகப் பின்வாங்கி வராந்தாவுக்கு வந்துவிடுங்கள்; அது மேய்ந்துவிட்டுப் போய்விடும். போகாவிட்டால் அலுவலகத்திலிருந்து வனத்துறைக்குச் சொல்வார்கள். சாப்பாட்டு மிச்சத்தையும் உதிர்ந்த பழத்தையும் வெளியே போட்டு வைக்கக் கூடாது, கரடி அதற்குத்தான் வருகிறது. டேலியா கிழங்கு முள்ளம்பன்றிக்குப் பிடிக்கும் என்பதைச் செலவழித்துக் கற்றுக்கொண்டோம். இப்போது கம்பி வலைக்குள் நடுகிறோம்.

மழைக்காலத்திலும் வேலை உண்டா?

உண்டு, ஆனால் வேறு வேலை. கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைதான் பலமாகப் பெய்யும். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பகுதிகளில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த மூன்று மாதமும் சரிவில் மண்வெட்டி போடக் கூடாது. வாய்க்காலில் இலை அடைக்காமல் பார்ப்பதுதான் முதல் வேலை. ஈரப்புல்லில் அட்டை ஏறும். அதைத் தேய்த்து எடுக்க உப்புத் துணி வாசல் கேட் பக்கத்தில் இருக்கும்.

ஜனவரியில் ஊட்டி அளவுக்கு இங்கே உறைபனி விழாது. பள்ளத்துப் புல்வெளி மட்டும் சில காலைகளில் வெள்ளையாக இருக்கும். ஜெரேனியத்துக்குப் பழைய போர்வைகளை முதல் நாள் மாலையே போர்த்திவிடுவோம்.

எங்கள் அப்பா இங்கேதான் இறந்தார். அவர் நினைவாக மரம் நட்டுப் பெயர்ப்பலகை வைக்கலாமா?

மரம் நடலாம், சந்தோஷமாக. பெயர்ப்பலகை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். பிறந்த தேதி, இறந்த தேதி எழுதிய பலகைகளை, கட்டிலில் இருப்பவர்கள் தினமும் படிக்க வேண்டிவரும். எந்த மரம் யாருக்காக என்று அலுவலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எப்போது வந்து கேட்டாலும் மரத்தடி வரைக்கும் கூட்டிக்கொண்டு போவோம்.

சமீபத்தில் வீட்டில் ஒருவரை இழந்திருக்கிறேன். தன்னார்வலராக வரலாமா?

முதலில் ஒருநாள் வந்து பேசுங்கள். கொஞ்ச காலம் போகட்டும் என்று நாங்கள் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே ஒரு இருமல் சத்தம் போதும், எல்லாம் திரும்பி வந்துவிடும். அப்படி வந்தால் அழுவதற்குப் பின்பக்கம் நாற்றங்கால் இருக்கிறது. நானும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

பழகியவர் இறந்துவிட்டால்?

அது நடக்கும், அடிக்கடி நடக்கும். இப்போது நீங்கள் வந்து கையெழுத்துப் போடும்போதே, தோட்டத்துக்குள் போகுமுன், யார் போய்விட்டார்கள் என்று சிஸ்டர் சொல்லிவிடுவார். இந்த வழக்கம் என்னால் வந்தது. முதல் வருடம், ஒரு சனிக்கிழமை, முந்தின வாரம் ஒரு பாட்டி கேட்டிருந்த சிவப்பு டேலியாவைப் பறித்து ஜன்னல் வழியாகக் காட்டி, "பார்த்தீங்களா பாட்டி, பூத்திருச்சு!" என்றேன். கட்டிலில் வேறு ஒருவர். அன்று காலைதான் வந்து சேர்ந்தவர், மிரண்டு போய் என்னைப் பார்த்தார். நான் என் வருத்தத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவர் தன் முதல் நாளிலேயே இந்தக் கட்டிலில் இருந்தவருக்கு என்ன ஆயிற்று என்று புரிந்துகொண்டுவிட்டார். இன்னும் எனக்கு அந்த முகம் மறக்கவில்லை.

சொன்ன பிறகு வேலை செய்யத் தோன்றாவிட்டால் வீட்டுக்குப் போங்கள், யாரும் எதுவும் கேட்கமாட்டோம். பெரும்பாலும் இருந்துவிடுகிறார்கள். களை எடுப்பதற்கு அன்றைக்குத்தான் ஆள் அதிகம் இருக்கும்.

பழ மரம் எல்லாம் ஏன் நடுகிறீர்கள்? காய்க்க வருடக்கணக்காகுமே?

மரம் வேண்டும் என்று கேட்டதே ஒரு நோயாளிதான். கேத்திப் பக்கம் பழத்தோட்டம் வைத்திருந்த ஐயா ஒருவர், இங்கே ஒரு பேரி மரம்கூட இல்லையே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒட்டுக்கன்று வாங்கி வந்தோம். காய்க்க நாலைந்து வருடமாகும் என்பது எங்களைவிட அவருக்குத் தெரியும். கட்டிலோடு வராந்தா விளிம்பு வரை தள்ளிக்கொண்டு வந்தோம். குழி ஆழம் போதாது என்று இரண்டு தடவை தோண்டச் சொன்னார். கன்றை இறக்கியதும் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, "ஒட்டு மண்ணுக்குள்ள போயிரக் கூடாது. நாலு விரல் மேல நிக்கணும்" என்றார். அளந்து பார்த்தோம், மூன்று விரல்தான் இருந்தது. மறுபடி எடுத்து நட்டோம்.

போட்டோ எடுக்கலாமா? குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

போட்டோ வேண்டாம், செடியை மட்டும் எடுத்தாலும். பின்னால் ஜன்னலில் யாராவது இருப்பார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உங்கள் கூடவே இருப்பதானால் வரலாம்.

சம்பளம், போக்குவரத்துச் செலவு?

இல்லை. 11 மணிக்கு டீயும் வர்க்கியும் உண்டு.

முதல் நாள் என்ன கொண்டு வர வேண்டும்?

பழைய உடை, ஸ்வெட்டர், குடை, மாற்றிக்கொள்ள ஒரு செருப்பு. களைக்கொத்து, கவாத்துக் கத்தரி, கையுறை எல்லாம் இங்கே இருக்கின்றன. சாலையில் இறங்கி மேலே நூறு அடி ஏறினால் பச்சைக் கேட். மணி அடிக்க வேண்டாம். தள்ளினால் திறக்கும், தாழ்ப்பாளுக்கு வாரா வாரம் எண்ணெய் விடுகிறோம்.